ஒரே உடலில் இரண்டு கிளீட்டஸ்

கொம்பன்துறையில் ஐப்பசிக் காற்று கொண்டுபோன இருபத்துமூன்று ஆண்களும் நாற்பத்தோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, பங்குக் கோயில் நூலகத்துக் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, கடலுக்குப் போனவன் ஏதாவது ஒரு கரையில் ஏறித்தானே ஆக வேண்டும், அந்தக் கரை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் என்ன என்று எடுத்துக்கொண்டார்கள். கேட்டதெல்லாம் சாப்பிட்டார்களா என்பதுதான். அதைக் கேட்டு அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே நின்றது இருபத்திரண்டு உடல்கள்தான் என்று.

இதற்கெல்லாம் ஆள் யார் என்றால் டெல்பின்தான். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கொம்பன்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பங்கின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் அவள் புருஷன் கிளீட்டஸும் அந்தக் காற்றில் போனான். போனவர்கள் ஒவ்வொருவருக்கும் இணையதளத்தில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஒரு கணக்கு, அதற்குக் கீழே வீட்டார் எழுத ஓர் இடம் என்று அவள்தான் செய்து வைத்தாள். பெண்கள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, 'கூரை மாத்தியாச்சு', 'அம்மைக்குக் காய்ச்சல் விட்டுப் போச்சு' என்று அவள் தட்டித் தருவாள். அது போதாது என்று அவளுக்கே தோன்றியது. உலகத்தில் முகம் தெரியாத யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்த ஒரு மென்பொருளை இறக்கி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்கி, அதற்குள் கொம்பன்துறையைப் போலவே ஒரு துறையைக் கட்டினாள். கோயில் கோபுரம், ஏலக்கூடம், சாய்ந்து கிடக்கும் வள்ளங்கள், வளைவில்லாத ஒரு நீலக் கடல். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் திருவிழாவுக்காவது அதில் வந்து நடக்கட்டும் என்பது பங்குச்சாமியாரிடம் அவள் சொன்ன காரணம். இணையதளத்தில் கணக்கு உள்ளவர்களுக்கெல்லாம் அந்த உலகத்தில் தானாகவே ஓர் உடல் கிடைக்கிற மாதிரி இரண்டையும் இணைத்துவிட்டாள், போன இருபத்துமூன்று பேருக்கும் கணக்கு இருந்தது, வந்துவிட்டார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி வந்தார்கள். மென்பொருள் கொடுத்த ஒரே சாம்பல்நிறச் சட்டை, ஒரே மொழுமொழு முகம், பிறந்ததிலிருந்து மீனே தின்றிராத மாதிரி ஒரு வெள்ளைத் தோல். ஆனால் பெண்களுக்கு அடையாளம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. ஒருத்தி நடையைப் பார்த்தாள், ஒருத்தி இருமலைக் கேட்டாள், ஒருத்தி, "அந்தா தலையச் சொறியுதாரு பாரு, அது எங்க வீட்டு ஆளுதான்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர்கள் நின்ற இடமெல்லாம் மணல் நனைந்தது. சர்வர் பெட்டியின் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து அடியில் வைத்தார்.

அன்று மாலையே பங்குப்பேரவை கூடிச் சட்டங்கள் போட்டது. ஒரு குடும்பத்துக்கு அரைமணி நேரம், மைக்கைப் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைக்கக் கூடாது, பழைய சண்டைகளைத் தீர்த்துக்கொள்ள இது இடமில்லை. இறந்தவர்களுக்கான பூசை வைப்பதா, பயணம் போனவர்களுக்கான மன்றாட்டுச் சொல்வதா என்று சாமியார் இரண்டு நாள் யோசித்து, பயணம் போனவர்களுக்கு என்றே முடிவு செய்தார். இறப்புச் சான்று எழுத வந்திருந்த குமாஸ்தா, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பச்சை விளக்கு எரிவதை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'ஆன்லைனில் உள்ளார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தவர்கள் அதை மடித்து வைத்தார்கள். மீன்குழம்பும் சோறும் தூக்குச்சட்டியில் வந்தன. திரைக்கு முன்னால் வைத்து எடுத்துப் பார்த்தால் குழம்பில் மீன் அப்படியே இருக்கும், உப்பு மட்டும் இருக்காது. கடலில் மீனே இல்லையே, நாங்கள் எதைப் பிடிக்க என்று ஆண்கள் குறைப்பட்டார்கள், டெல்பின் ஒரு வாரம் உட்கார்ந்து சாளை மீன் செய்து விட்டாள், அதற்குப் பிறகு நூலகத்தில் புத்தகமெல்லாம் சாளை வாடை அடித்தது.

இப்படி எல்லோருக்கும் எல்லாம் ஒருவிதமாகச் சரியாகிக்கொண்டிருந்தபோது, சரியாகாமல் இருந்தது ஓர் உடல்தான். அதன் தலைக்கு மேல் 'கிளீட்டஸ் லாசர்' என்று எழுதியிருந்தது.

கொம்பன்துறையில் கிளீட்டஸ் என்ற பெயரில் ஏழு பேர் உண்டு, லாசர் மகன் கிளீட்டஸ் மட்டுமே இரண்டு பேர், இரண்டு பேரும் ஒரே போட்டில் போனவர்கள். ஊரில் இது ஒரு நாளும் குழப்பமாக இருந்ததில்லை, ஏனென்றால் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மீன் ஏலத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன் ஏலம் கிளீட்டஸ். எந்நேரமும் கொட்டாவி விடுகிறவன் கொட்டாவி கிளீட்டஸ், அவன்தான் டெல்பின் புருஷன். அந்தப் பட்டப்பெயர் அவளுக்கு வந்த நாளிலிருந்தே பிடிக்காது. சந்தையில் ஒருத்தி, "கொட்டாவி பெஞ்சாதி வாறா" என்று சொன்னதற்கு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். இணையதளத்தை ஆயர் இல்லத்தில் பார்ப்பார்கள், வெளிநாட்டில் பார்ப்பார்கள், பட்டப்பெயரெல்லாம் எதற்கு என்று இருபத்துமூன்று பேருடையதையும் அவளே நீக்கிவிட்டு, பதிவேட்டில் உள்ள மாதிரி எழுதினாள். இணையதளம் ஒன்றும் சொல்லவில்லை, அது ஆளை எண்ணால் அறியும். மெய்நிகர் உலகம் ஆளைப் பெயரால் அறியும். இணைக்கும்போது அது நின்று, இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கவா என்று கேட்டது. வெளியே சாமியார் காத்திருந்தார். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்து அவள் சரி என்று அமுக்கினாள்.

முதல் நாள் அந்த உடல் அவளைப் பார்த்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டது. டெல்பின் மேசை மேல் தலையை வைத்து, எனக்கு வேறொன்றும் வேண்டாம் சேசுவே, வேறொன்றும் வேண்டாம் என்று அழுதாள். கொட்டாவி முடியுமுன்னே அதே வாயிலிருந்து ஏலக்கூடம் அதிர்கிற குரலில், "அமலோற்பவம் எங்க? பிள்ளைய எங்க?" என்று சத்தம் வந்தது. வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றிருந்த அமலோற்பவம், "இந்தா வந்துட்டேன்" என்று மூன்று பெண்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஊர் இதற்கும் வழி கண்டது. திங்கள், புதன், வெள்ளி டெல்பினுக்கு. செவ்வாய், வியாழன், சனி அமலோற்பவத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. யாருடைய பெண்சாதி கூப்பிடுகிறாளோ அவன் மேலே வருவான், மற்றவன் அடியில் போவான். அடியில் போகிறவன் போகும்போது வாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வரும். முதலில் எல்லோரும் சங்கடப்பட்டார்கள், பிறகு வரிசையில் நிற்கும் பெண்கள், "இண்ணைக்கு யாருக்க முறை, கத்துதவனா தூங்குதவனா?" என்று கேலி பேசுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை அவன் டெல்பினிடம், "சின்னவளுக்குப் பல்லு மொளச்சிட்டா?" என்று கேட்டான். டெல்பினுக்குப் பிள்ளை கிடையாது. மறுநாள் அமலோற்பவத்தின் மூத்த மகளைப் பார்த்து, "இது யாருக்க பிள்ளை?" என்று கேட்டான். அந்தப் பெண் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

டெல்பின் உள்ளே புகுந்து பார்த்தாள். தினமும் மாலை ஆறு மணிக்கு இணையதளமும் அந்த உலகமும் ஒன்றையொன்று ஒத்துப் பார்த்துக்கொள்ளும். பெயர் ஒன்று, ஆள் இரண்டு என்பது அவற்றுக்குத் தெரியாது, ஆகவே ஒருவன் மேல் மற்றவனை எழுதும். ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவனிடமிருந்து ஒரு வரி அழிந்துகொண்டிருந்தது. பதறிப்போய் அந்த இணைப்பை நிறுத்தினாள். நிறுத்திய ஐந்தாவது நிமிடம் மற்ற இருபத்தொரு பச்சை விளக்குகளும் மங்கத் தொடங்கின, நூலகத்து வாசலில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அலறினார்கள், அவள் மறுபடி போட்டுவிட்டாள். தனியாக ஒரு புதிய கணக்குத் தொடங்கி 'ஏலம் கிளீட்டஸ்' என்று பெயரிட்டுப் பார்த்தாள். உடல் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை, சாளைக் கூட்டம் அதன் நெஞ்சுக்குள் புகுந்து முதுகு வழியாகப் போனது. கடல் ஒரு தடவை கொடுத்ததைத் திரும்பவும் கொடுப்பதாக இல்லை.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் கூடும் இணைய மன்றத்தில், நடந்ததை நடந்தபடியே எழுதிக் கேட்டாள். போர்ச்சுகலிலிருந்து ஒருவர் பொறுமையாகப் பதில் போட்டார். ஓர் உடலுக்கு ஓர் எண்தான், அதில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை நீக்கிவிடுங்கள், தாமதித்தால் இரண்டு பேருமே கெட்டுப்போவார்கள், மூன்றாவது வழி இல்லை, உங்கள் வார இறுதி இனிதாக அமையட்டும்.

டெல்பின் அமலோற்பவத்தைத் தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அமலோற்பவம் கருவாடு புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏலம் கிளீட்டஸ் போன பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் அவள் ஒருத்திதான் தாயும் தகப்பனும்.

"எக்கா, ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லு பிள்ளே. முகம் என்ன இப்பிடி வாடிக் கிடக்கு? சோறு தின்னியா?"

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கோளாறு இருக்கு."

"அதான் அவரு பிள்ளைய மறந்து போறாரு, இல்லியா?" என்று அமலோற்பவம் நிமிர்ந்தாள். "நான் பயந்துட்டேன், வேற என்னமோன்னு. நீ சரியாக்கிருவ. நீ படிச்ச பிள்ளே, எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது. நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்."

சொல்ல வந்த வார்த்தை டெல்பினின் நாக்கு நுனியில் இருந்தது. ஒருவனைத்தான் வைத்துக்கொள்ள முடியும், யாரை என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் கூடும். ஊர் கூடினால் மூன்று பிள்ளைக்காரியா, ஒன்றுமில்லாதவளா என்று தராசு வைக்கும், அந்தத் தராசில் தன் பக்கம் ஒரு நாளும் தாழாது என்று அவளுக்குத் தெரியும். "சரியாக்கிருதேன் எக்கா" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல், ஊர் முழுக்கச் சாப்பாட்டில் இருந்த நேரத்தில், நூலகக் கதவை உள்ளே தாழிட்டாள். டெல்பின் கெட்டவள் இல்லை. ஆனால் பதினோரு மாதம் ஓர் ஆயுளுக்குப் போதாது என்பதை அவள் உடம்பு முழுக்க அறிந்திருந்தது, அறிந்த உடம்பு நியாயம் பார்க்காது. இரண்டு எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கினால் திரும்பப் பெற முடியாது, நிச்சயமா என்று அது கேட்டது. அவள் தலையாட்டிக்கொண்டே அமுக்கினாள்.

பேசின் நிறைந்து வழிந்தது. அறை முழுக்க உப்புத் தண்ணீர் கணுக்கால் அளவு வந்து, மெல்ல வாசலடி வழியாக வடிந்தது. திரையில் அந்த உடல் நிமிர்ந்து நின்று, முதல் தடவையாகத் தண்ணீர் கக்காமல் பேசியது.

"டெல்பினு."

"சொல்லுங்க. நான் இருக்கேன். இங்கதான் இருக்கேன்."

"ஒனக்க பரீட்சைக்குப் போனோமே, பஸ்ஸுல ஒன் தோளுல சாஞ்சு தூங்கிட்டேன், நீ எழுப்பாம இருந்து எறங்குத எடம் தாண்டிப் போச்சு. அது நல்லா ஓர்மை வருது இப்ப. எல்லாம் ஓர்மை வருது."

அவள் சிரித்தாள், அழுதாள், திரையைக் கையால் தொட்டாள், திரை சூடாக இருந்தது. அவன் இடமும் வலமும் பார்த்தான். தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"என் கூட இருந்தவன் எங்க?"

டெல்பின் திரையிலிருந்து கையை எடுத்தாள்.

"டெல்பினு, ஏலம் எங்க? போட்டு கவிந்த பெறவு நாலு நாளு ஒரே டீசல் கேனைப் பிடிச்சிட்டுக் கிடந்தோம். என் சட்டையக் கிழிச்சு அவன் கையையும் என் கையையும் சேத்துக் கட்டினேன். நான் கண் அசந்தா அவன் பிடிப்பான், அவன் அசந்தா நான் பிடிப்பேன். அவனுக்க பிள்ளைய பேரெல்லாம் எனக்குத் தெரியும், ஒன்னப் பத்தி எல்லாம் அவனுக்குத் தெரியும். உள்ள வந்த பெறவும் கூடத்தான் இருந்தான். இப்ப இல்ல."

"ஒருத்தருதான் இருக்க முடியும்ணு சொல்லிட்டாவ." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் உங்கள வச்சிக்கிட்டேன்."

அவன் அந்த வளைவில்லாத கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாலு நாளு நான் விடாத கைய நீ விட்டுட்டியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டும், காலில் விழுகிறேன் என்று கெஞ்சியும், மேசையில் முட்டிக்கொண்டும், அவன் திரும்பவில்லை.

சனிக்கிழமை அமலோற்பவத்தின் முறை. டெல்பின் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அமலோற்பவம் வந்து கூப்பிடுவாள், பதில் வராது, அப்போது சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு அவளுக்கு மைக்கை மாட்டிக் கொடுத்தாள். மூன்று பிள்ளைகளும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்தன.

"என்னங்க," என்றாள் அமலோற்பவம்.

அந்த உடல் கடலைப் பார்த்தபடியே நின்றது. மூத்தவள் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைய வந்திருக்கு. மறந்துட்டீங்களா?"

அப்போது அந்த உடல் மெல்லத் திரும்பியது. தொண்டையைச் செருமியது. ஏலக்கூடத்துக் குரலில், ஆனால் பழக்கமில்லாத தொண்டை கத்தினால் கரகரப்பது போலக் கரகரத்து, "யாரு சொன்னா மறந்தேன்னு?" என்று சத்தம் போட்டது. "மூத்தவ ஜெபா. நடுவுல உள்ளவ லிடியா, அவளுக்கு இருட்டுன்னா பயம். சின்னவ ரோஸி, பல்லு மொளச்சிட்டா அமலோற்பவம்?"

பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தன. சின்னவள் வாயைத் திறந்து திரைக்குக் காட்டினாள். அமலோற்பவம் டெல்பினின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டெல்பின் திரையையே பார்த்தாள், அந்தக் குரலுக்கு அடியில் இருக்கும் குரல் அவளைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை அவள் முறை. சன்னலுக்கு வெளியே வழக்கம்போல வரிசை நின்றது. அவள் மைக்கை வாயருகே வைத்து, அவன் வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயரால் தன்னைச் சொல்லி, ஒரே ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டாள்.

"தங்கச்சி," என்று வந்தது பதில். வரிசையில் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கிற அளவுக்கு உரக்க வந்தது. "ஒன் மாப்பிள்ளை இனி வரமாட்டான் தங்கச்சி. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். நீ அழாத."

"நீங்கதான். எனக்குத் தெரியும், நீங்கதான். இப்பிடிச் சொல்லாதீங்க."

"அழாத தங்கச்சி," என்றான் அவன்.

வெளியே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. ஊர் கூடிப் பேசி எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டது: ஓர் உடலில் இரண்டு பேர் இருக்க முடியாமல் போனபோது, மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன் இருக்கட்டும் என்று டெல்பின் தன் புருஷனை விட்டுக்கொடுத்துவிட்டாள். பேரவைத் தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். சாமியார் பூசையில் அவள் பெயரைச் சொன்னார், அவள் புருஷனையும் கொட்டாவி கிளீட்டஸ் என்று பட்டப்பெயரோடு பலிபீடத்திலிருந்து சொன்னார், கேட்டவர்கள் விம்மினார்கள். பெண்கள் அவளை நடுவில் உட்கார வைத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள், நிஜமாகவே அழுதாள், ஆனால் எதைச் சொல்லி அழுவது என்று தெரியாததால் வாயைத் திறக்கவில்லை.

இணையதளத்தின் புதிய 'இறந்தோர்' பக்கத்தில் முதல் பெயரை அவள்தான் எழுத வேண்டியிருந்தது, அந்த வேலை வேறு யாருக்கும் தெரியாது. எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் போட ஒரு படம் கேட்டது, கல்யாணப் படத்தில் தன்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் போட்டாள்.

வாரத்தின் ஆறு நாளையும் பேரவை அமலோற்பவத்துக்கே கொடுத்துவிட்டது. புதன்கிழமை, இதுவரை டெல்பினுக்கென்று இருந்த நேரத்தில், அமலோற்பவம் பிள்ளைகளோடு வந்து, உள்ளே நுழையக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஒன் நேரத்துல வாறது எனக்கு என்னமோ போல இருக்கு பிள்ளே. நீ வேண்டாம்ணு சொன்னா போயிருதேன்."

உள்ளேயிருந்து அவன் மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குரல் இப்போது கரகரக்கவில்லை, நன்றாகப் பழகிவிட்டது.

"வாங்க எக்கா," என்றாள் டெல்பின். "அவரு காத்துக்கிட்டிருக்காரு."